ஜேபி டாக்டர், உட்ஸ்டாக் மேடை

ஜொகூர் பாருவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 1923-ல் ஊருக்குக் கப்பலேறிய ஒரு டாக்டரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரிடம் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஓடும் ஓர் அமெரிக்கப் படத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. சுற்றுவழிதான். சாயங்காலம் ஐந்தரைக்குத் தெப்ராவ் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் ஒரு சுற்றா?

படத்தின் பெயர் 'உட்ஸ்டாக்'. இயக்கியவர் மைக்கேல் வாட்லி. 1970 மார்ச்சில் வெளிவந்து, அடுத்த ஆண்டு சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. நான் இதை முதலில் தனியாகப் பார்த்தேன், பாதியில் தூங்கிவிட்டேன். இந்தத் தடவை தீபாவளி விடுமுறையில் குளாயிலிருந்து வந்திருந்த பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பால் வெட்டி, பிறகு தொழிற்சாலைக்குப் போய் ஓய்வு பெற்றவர். ஆங்கிலப் படம் என்றால் புரூஸ் லீ, அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் மனுஷர் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை.

"என்னாடா இது, எல்லாம் சேத்துல பொரள்றாங்க?"

"பாட்டுக் கச்சேரிக்கு வந்தவங்க பெரியப்பா. மழை பேஞ்சிடுச்சு."

"எந்த வருசம்?"

"அறுவத்தொம்போது. ஆகஸ்டு மாசம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அந்த வருசம் நாங்க மே மாசத்துலேருந்து பொழுது சாஞ்சா கதவத் தாப்பா போட்டுக்கிட்டு லயத்துக்குள்ளாறயே கெடந்தோம்."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு என்னால் படத்தை அமெரிக்கப் படமாக மட்டும் பார்க்க முடியவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

விழா நடந்தது உட்ஸ்டாக் என்ற ஊரிலேயே இல்லை. அந்த ஊரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற இடத்தில், மேக்ஸ் யாஸ்கர் என்பவருடைய பால் பண்ணையில் நடந்தது. 600 ஏக்கர். தோட்டத்துக் கணக்கில் சொன்னால் ஒரு சின்ன எஸ்டேட். அதற்குள் நாலு லட்சம் பேர். வேலி கட்டி முடிப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டதால், 'இனி எல்லாருக்கும் இலவசம்' என்று அறிவிக்க வேண்டியதாகிவிட்டது. சாலையெல்லாம் அடைத்துக்கொண்டது. பாடகர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். சாப்பாடு போதவில்லை, கழிப்பறை போதவில்லை, மழை மட்டும் போதும் போதும் என்னும் அளவுக்குப் பெய்தது. ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று நாள் என்று அறிவித்தது, திங்கள் காலை வரை இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிடாரில் அமெரிக்க தேசிய கீதத்தை விமானமும் குண்டும் விழும் சத்தமாக்கி வாசித்தபோது, எதிரில் இருந்த கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப் போயிருந்தது. குப்பையும் நனைந்த போர்வைகளும்தான் மிச்சம்.

இந்தக் கடைசிக் காட்சி இன்று உலகத்துக்கே மனப்பாடம். அங்கே நின்று நேரில் பார்த்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம். மீதிப் பேர் எல்லாரும் நம்மைப் போலப் படத்தில் பார்த்தவர்கள்தான். உட்ஸ்டாக்கைப் பற்றி யார் பேசினாலும் விழாவைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது என் கட்சி.

வாட்லியின் குழு கிட்டத்தட்ட 120 மைல் நீளத்துக்குப் படச்சுருளை ஓட்டித் தள்ளியது என்பார்கள். ஜேபியில் நின்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுருளை அவிழ்த்துக்கொண்டே போனால் தங்காக்கைத் தாண்டி மாநில எல்லையைத் தொட்டுவிடும். அதை வெட்டி ஒட்டி மூன்று மணி நேரமாக்கிய மேசையில் இருந்தவர் தெல்மா ஸ்கூன்மேக்கர். கூடவே வேலை பார்த்த இன்னொரு இளைஞர் மார்ட்டின் ஸ்கார்செசி. பின்னாளில் இருவரும் சேர்ந்து என்னென்ன படம் எடுத்தார்கள் என்பது தெரிந்த கதை. திரையை இரண்டாக, மூன்றாகப் பிளந்து, ஒரு பக்கம் பாடகர், மறு பக்கம் கூட்டம், நடுவில் கம்பத்தில் ஏறி நிற்கும் ஒருவன் என்று காட்டுகிறார்களே, அது வெறும் அலங்காரமில்லை. நாலு லட்சம் பேர் இருக்கும் இடத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டது நடக்கிறது. அதை வேறு எப்படிக் காட்டுவது? இன்று கைப்பேசியில் நாலு பேர் முகத்தை நாலு கட்டத்தில் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு இது சாதாரணம். அன்றைக்கு அது பெரிய துணிச்சல்.

பாட்டு எனக்கு இரண்டாம்பட்சம்தான். ஹெண்ட்ரிக்ஸ், சந்தானா இரண்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன், மற்றதில் பாதியை வேகமாக ஓட்டிவிடலாம். படத்தைப் பிடித்து வைத்திருப்பது பாட்டுக்கு இடையில் வரும் மனிதர்கள். கடைக்காரர்கள், போலீஸ்காரர்கள், பிள்ளைகளைத் திட்டும் ஊர்ப் பெரியவர்கள், அவர்களுக்கு எதிராகப் பிள்ளைகளுக்குப் பரிந்து பேசும் வேறு பெரியவர்கள்.

ஒரு கழிப்பறைக்காரர் வருகிறார். தற்காலிகக் கழிப்பறைகளை உறிஞ்சிச் சுத்தம் செய்து, காகிதம் வைத்து, வாசனைத் திரவம் தெளித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற நடுவயது மனிதர். கேமரா வந்து பேச்சுக் கொடுத்ததும் சலிப்பில்லாமல் பேசுகிறார். தன் பிள்ளைகளில் ஒருவன் இதே கூட்டத்தில்தான் எங்கேயோ இருக்கிறான், இன்னொருவன் வியட்நாமில் இருக்கிறான் என்கிறார். பிள்ளைகளுக்காக இதைச் செய்வதில் சந்தோஷம் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த கதவைத் திறக்கிறார். அவ்வளவுதான். அந்தக் காலத்து அமெரிக்காவைப் பற்றி எழுதப்பட்ட பல புத்தகங்கள் அந்த இரண்டு நிமிஷத்துக்கு ஈடாகாது. ஒரே வீட்டில் ஒருவன் போருக்குப் போகிறான், ஒருவன் போர் வேண்டாம் என்று பாடுகிற இடத்துக்குப் போகிறான், அப்பன் கழிப்பறை கழுவுகிறான்.

பெரியப்பா அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். "தோட்டத்துல வாசக்கூட்டின்னு ஒருத்தர் இருந்தாரு. லயத்துக் காண்டா, கக்கூசு எல்லாம் அவருதான். அவரு மொகத்த யாரும் படம் புடிக்கல." அவர் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். வருத்தம் என்னுடையது.

1969-க்கு வருகிறேன். மே 13-ல் கோலாலம்பூரில் கலவரம். நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டது. நாடாளுமன்றம் திரும்பக் கூடியது 1971 பிப்ரவரியில்தான். ஜொகூர்த் தோட்டங்களில் வெட்டுக்குத்து இல்லை என்றாலும் பயம் இருந்தது. அந்தப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி வைத்திருந்தவர்கள் வேலை செய்ய இனி பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1969-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று தலைமுறையாக இங்கேயே மரம் வெட்டியவர்கள், விண்ணப்பம் போட விவரம் தெரியாமலோ, போட்டும் கிடைக்காமலோ, ஒரு நாள் திடீரென்று வெளிநாட்டுக்காரர்கள் ஆகிப்போனார்கள். பல்லாயிரக்கணக்கான பேர் 'ரஜுலா' கப்பலில் மூட்டை முடிச்சோடு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திரும்பினார்கள். பெரியப்பாவின் தாய்மாமன் குடும்பமும் அதில் ஒன்று. "போறப்ப எங்கம்மாகிட்ட ஆட்டுக்கல்ல குடுத்துட்டுப் போனாங்க. அங்க போயி எந்த ஊருன்னே தெரியாம நின்னாங்களாம்."

அதே ஆண்டு அந்த அமெரிக்கப் பண்ணையில் சேற்றில் சறுக்கி விளையாடிய பிள்ளைகளின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் தலைக்கு மேல் வியட்நாம் இருந்தது. ஆனால் சுதந்திரம் என்ற சொல்லை அந்தப் படம் எத்தனை தடவை சொல்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது.

சரி, டாக்டர்.

உட்ஸ்டாக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் ஒரு புகைப்படம் இருக்கிறது. மேடையின் பின்பக்கமிருந்து எடுத்தது. உயரமான ஆசனத்தில், நீளமான முடியோடு ஒருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். அவர்தான் சுவாமி சச்சிதானந்தா. முதல் நாள், மற்றக் கலைஞர்கள் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டதால் ரிச்சி ஹேவன்ஸ் என்ற பாடகரை இறங்கவிடாமல் பாட வைத்தார்கள். அவர் இறங்கிய பிறகு இந்தச் சுவாமி பேசினார். ஒலியைப் பற்றி, இசையால் உலகத்தையே அசைக்க முடியும் என்பதைப் பற்றி. பொருள் விஷயத்தில் உலகத்துக்கு உதவிய அமெரிக்கா இனி ஆன்மிகத்திலும் உதவ வேண்டும் என்றார். கூட்டத்தை நாமம் சொல்ல வைத்தார். முழுப் பேச்சையும் கேட்க வேண்டுமானால் வாட்லியின் படத்தை நம்பிப் பயனில்லை, சுவாமியின் சீடர்கள் பாதுகாத்து வைத்திருப்பதைத்தான் தேட வேண்டும்.

இவர் யார்? கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையம். 1914 டிசம்பரில் ஒரு கவுண்டர் வீட்டில் பிறந்த ராமசாமி. கோவை விவசாயக் கல்லூரியில் படித்தார், சொந்தக்காரருடைய மோட்டார் தொழிலில் இருந்தார், கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பிள்ளைகள். மனைவி இளம் வயதில் இறந்துவிட்டார். அதன் பிறகு சாமியார்களைத் தேடிக் கிளம்பியவர், திருவண்ணாமலையில் ரமணரிடம் இருந்து, கடைசியில் ரிஷிகேசம் போய் 1949-ல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கினார். 1953-ல் குரு அவரை இலங்கைக்கு அனுப்பினார். திருகோணமலையில் ஆசிரமம், பிறகு கண்டி. பதின்மூன்று ஆண்டு இலங்கைத் தமிழர் நடுவில் இருந்த இந்த மனிதரைத்தான் கான்ராட் ரூக்ஸ் என்ற அமெரிக்கப் படக்காரர் கண்டுபிடித்து மேற்கே அழைத்துப் போனார். 1966-ல் ஓவியர் பீட்டர் மேக்ஸ் நியூயார்க்குக்குக் கூப்பிட்டார். இரண்டு நாள் தங்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1969 ஜனவரியில் கார்னகி மண்டபத்தை நிரப்பினார். ஆகஸ்டில் உட்ஸ்டாக். ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-ல் தன் இசைத்தட்டு ஒன்றுக்கு இவர் பெயரையே வைத்தார். (அதைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பதிவிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.)

போதை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போய் அது வேண்டாம் என்று சொன்னவர். அதே சமயம் அவரைப் பூஜையில் வைக்கவும் எனக்கு மனமில்லை. 1991-ல் முன்னாள் சீடர்கள் சிலர் அவர் மேல் பாலியல் குற்றச்சாட்டு எழுப்பினார்கள், அவர் மறுத்தார். குருமார்களைப் பற்றி எழுதும்போது நம் ஆட்கள் இந்த வரியை விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. 2002 ஆகஸ்டில் சென்னையில் இறந்தார்.

இப்போது அவருடைய குருவுக்குப் போவோம். ரிஷிகேசத்துச் சிவானந்தர் என்றால் காவி கட்டிய, வாட்டசாட்டமான, சிரித்த முகம் எல்லாருக்கும் தெரியும். நம் ஊர்ச் சாமி அறைகளிலும் அந்தப் படம் உண்டு. அவர் பத்தமடைக்காரர். பாய்க்குப் பேர் போன அதே பத்தமடை. 1887-ல் பிறந்தவர், பெயர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார், திருச்சியிலிருந்து 'அம்புரோசியா' என்று ஒரு மருத்துவப் பத்திரிகை நடத்தினார். 1913-ல் மலாயாவுக்குக் கப்பலேறினார். கப்பலில் அசைவம் கலந்துவிடுமோ என்ற பயத்தில் அம்மா கட்டிக்கொடுத்த பலகாரத்தையும் தண்ணீரையும் வைத்தே பயணத்தை ஓட்டினாராம். இறங்கும்போது அரை உயிர்.

சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஏறக்குறைய ஏழு ஆண்டு அங்கே. பிறகு ஜொகூர் பாருவில், ஜொகூர் மெடிக்கல் ஆபிஸ் என்ற மருத்துவ நிலையத்தில் மூன்று ஆண்டு. பாலம் அப்போது இல்லை. சிங்கப்பூருக்குப் படகில்தான் போக வேண்டும். ஜொகூர் நீரிணையின் மேல் பாலத்தில் முதல் சரக்கு ரயில்கள் ஓடத் தொடங்கியது 1923-ல். அதே 1923-ல்தான் டாக்டர் குப்புசாமி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு ரிஷிகேசம், சந்நியாசம். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். 1963-ல் மறைந்தார்.

மலாயாவில் இருந்த பத்து ஆண்டைப் பற்றி அவருடைய வாழ்க்கைக் கதைகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்கின்றன: நோயாளிகளின் துன்பத்தைப் பார்த்துப் பார்த்து மனம் மாறியது, உடம்புக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று தோன்றியது. பக்தர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளையான எனக்கு அங்கேயே நிற்கத் தோன்றுகிறது. யார் அந்த நோயாளிகள்? 1910-ல் ரப்பர் விலை ஏறியதும் காட்டை வெட்டி வெட்டித் தோட்டம் போட்டார்கள். கங்காணி மூலம் தென்னிந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் கொண்டுவந்தார்கள். காட்டை வெட்டிய இடத்தில் தண்ணீர் தேங்கி மலேரியா. செருப்பில்லாத கால் வழியே கொக்கிப்புழு. வயிற்றுப்போக்கு. அந்தக் காலத்துத் தோட்ட மருத்துவமனைகளுக்கு வந்து விழுந்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள், அதிலும் ஊர் விட்டு வந்து சில மாதங்களே ஆனவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கதையிலும் இல்லை. காய்ச்சலில் நடுங்கியபடி ஒரு தமிழ் டாக்டரின் முகத்தைப் பார்த்து ஏதோ பேசியிருப்பார்கள். அவர் அவர்களிடம் காசு வாங்காமல் பார்த்தார், கையிலிருந்து கொடுத்தும் அனுப்பினார் என்று சொல்வார்கள்.

அந்தக் கூலிகளின் காய்ச்சல் இல்லாமல் சிவானந்தர் இல்லை. சிவானந்தர் இல்லாமல் சச்சிதானந்தா இல்லை. உட்ஸ்டாக் மேடையில் முதல் நாள் அந்த ஆசனம் காலியாக இருந்திருக்கும், அல்லது வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். 'தமிழன்டா' என்று மார் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் எனக்கு அலுத்துவிட்டது. அமெரிக்கப் பிள்ளைகள் கிழக்கிலிருந்து வந்த ஞானம் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்களே, அது இமயமலையிலிருந்து நேராக இறங்கி வந்ததில்லை. சிரம்பான் லயங்கள் வழியாக, ஜொகூர் பாரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

சிவானந்தரின் சீடர்களில் இன்னொருவர் கேரளத்துக்காரர், விஷ்ணுதேவானந்தா. 1965 பிப்ரவரி 25, ஜார்ஜ் ஹாரிசனின் பிறந்தநாள். 'ஹெல்ப்!' படப்பிடிப்புக்காகப் பஹாமாஸ் தீவில் இருந்த பீட்டில்ஸ் நால்வருக்கும் தன் யோகப் புத்தகத்தை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தவர் இவர்தான். ஹாரிசன் இந்தியா பக்கம் திரும்பியதற்கு அந்த நாளையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அப்புறம்தான் சித்தார், ரவிசங்கர் எல்லாம். 1971-ல் இதே விஷ்ணுதேவானந்தா ஒரு குட்டி விமானத்தில், நடிகர் பீட்டர் செல்லர்ஸைக் கூட்டிக்கொண்டு, சமாதானம் பரப்ப பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குப் பறந்தார். விமானத்துக்கு வண்ணம் தீட்டியவர்? சச்சிதானந்தாவை நியூயார்க்குக்குக் கூப்பிட்ட அதே பீட்டர் மேக்ஸ். ஒரே ஆசிரமத்து இரண்டு சீடர்கள், ஒரே ஓவியர்.

ரவிசங்கர் உட்ஸ்டாக்கிலும் வாசித்தார், முதல் நாள் இரவு, மழையில். வாட்லியின் படத்தில் அவர் இல்லை. அவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது. சேற்றில் கிடந்த கூட்டத்தைப் பார்த்தபோது குட்டையில் ஊறும் எருமைகள் நினைவுக்கு வந்ததாகப் பின்னாளில் எழுதினார். அவரைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு ஆண்டு முந்திய இன்னொரு விழாவுக்குப் போக வேண்டும். 1967 ஜூன், கலிஃபோர்னியாவில் மான்டரே. அங்கே டி. ஏ. பென்னிபேக்கர் எடுத்த 'மான்டரே பாப்' படம், என்னைக் கேட்டால், உட்ஸ்டாக்கைவிட ஒரு படி மேலே. கடைசிப் பதினெட்டு நிமிஷம் முழுக்க ரவிசங்கருக்குத்தான். அதிலும் தொடக்கத்தில் ஆளையே காட்டமாட்டார். சித்தார் சத்தம் மட்டும் கேட்கும். கேமரா கூட்டத்தில் நடந்துகொண்டே இருக்கும். தூங்குகிறவர்கள், பூ சூடியவர்கள், வாய் பிளந்து கேட்பவர்கள், நடுவில் ஹெண்ட்ரிக்ஸும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அப்புறம்தான் மேடை. ரவிசங்கரும் தபலா அல்லா ரக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேகத்தை ஏற்ற ஏற்ற, கடைசியில் கூட்டம் எழுந்து நின்றுவிடும்.

பின்னால் தம்பூராவோடு ஒரு பெண் இருப்பார். பெரும்பாலானவர்கள் அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கமலா சக்ரவர்த்தி. பிறந்த வீட்டுப் பெயர் சாஸ்திரி, தமிழ்க் குடும்பம். பரதநாட்டியத்தை கந்தப்பப் பிள்ளையிடம் கற்று, பிறகு இந்துஸ்தானி இசைக்கு மாறிப் புகழ்பெற்ற லட்சுமி சங்கரின் தங்கை. அறுபதுகளின் இசைவிழாப் படங்களில் தமிழ் முகத்தைத் தேடுகிறவர்கள் முதலில் இங்கே பார்க்கலாம். பத்து விரலில் இரண்டு விரலால் மட்டும் நரம்பை மீட்டிக்கொண்டு, சமயத்தில் தானும் சிரித்துக்கொண்டு.

ரவிசங்கருக்கு மான்டரேயில் பிடிக்காத ஒன்று உண்டு. ஹெண்ட்ரிக்ஸ் வாசித்து முடித்துக் கிடாரைக் கொளுத்தியது. வாத்தியத்தைத் தொட்டுக் கும்பிட்டு வாசிக்கிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

இதெல்லாம் நடந்தபோது இங்கே நம் பையன்களுக்கு என்ன வந்து சேர்ந்தது? முடி. அதுதான் முதலில் வந்தது, பாட்டு அப்புறம்தான். பெரியப்பா சட்டைக் காலர் தொடும்வரை முடி வளர்த்தாராம். தாத்தா ஞாயிற்றுக்கிழமை நாவிதரை லயத்துக்கே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1970 ஆகஸ்டில் நீள முடி வைத்திருந்த மூன்று மலேசிய இளைஞர்களைச் சிங்கப்பூரில் பிடித்து வைத்து முடியை வெட்டிவிட்டார்கள். இங்கே பெரிய கொந்தளிப்பு. லீ குவான் யூ கோலாலம்பூருக்கு வருவதாக இருந்த பயணமே தள்ளிப்போனது. இரண்டு நாடுகளின் உறவு மூன்று பேர் தலைமுடியில் தொங்கியது! பிறகு எழுபதுகளில், நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று சிங்கப்பூர் அலுவலகங்களில் சுவரொட்டி. 1972-ல் லெட் செப்பலின் கச்சேரி நடக்காமல் போனதற்கும் முடிதான் காரணம். நினைத்துப் பார்த்தால் வேடிக்கை. சச்சிதானந்தாவின் முடியும் தாடியும் மார்பு வரை. அவருக்கு முன்னால் நம் தாத்தாக்கள் விழுந்து கும்பிட்டிருப்பார்கள்.

முடி வளர்த்தும் ஜெயித்தவர்கள் உண்டு. பினாங்கு ஆறுமுகம் சகோதரர்கள், டேவிட், லோகா. அந்தக் குமிழ்த் தலையோடு 'அலிகேட்ஸ்' என்று மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே பிடித்துவிட்டார்கள். லோகா 2007-ல் போனார். வானொலியில் அவர் குரல் வந்தால் இன்றும் டாக்சிக்காரர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள். அவர்களைப் பற்றி யாராவது ஒழுங்காக ஒரு முழுநீளப் படம் எடுக்க வேண்டும், அதற்குத் தனிப் பதிவே எழுத வேண்டும்.

படம் எடுத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே 1969 கோடையில் நியூயார்க் நகரத்திலேயே, ஹார்லெம் பகுதியில், கறுப்பினத்தவர் நடத்திய பெரிய இசைவிழா ஒன்று வாராவாரம் நடந்தது. நீனா சிமோன், ஸ்டீவி வொண்டர் எல்லாம் பாடினார்கள். ஹால் டல்ச்சின் என்பவர் சுமார் நாற்பது மணி நேரம் படம் பிடித்தார். வாங்க ஆளில்லை. ஐம்பது ஆண்டு நிலவறையில் கிடந்து, இசைக்கலைஞர் குவெஸ்ட்லவ் கையில் கிடைத்து, 'சம்மர் ஆஃப் சோல்' என்று 2021-ல்தான் வெளியே வந்தது. ஆஸ்கரும் வாங்கியது. வாட்லிக்கு வார்னர் பிரதர்ஸ் இருந்தது, டல்ச்சினுக்கு இல்லை. உட்ஸ்டாக் ஒரு தலைமுறையின் அடையாளமாகவும் ஹார்லெம் மறந்துபோன சங்கதியாகவும் ஆனதில் இசையின் தரத்துக்குப் பெரிய பங்கில்லை.

பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. உட்ஸ்டாக்கில் தொடங்காதீர்கள். 1994-ல் நீட்டி வெளியிட்ட பதிப்பு 224 நிமிஷம், பழசு 184. இரண்டுமே ஒரு ராத்திரியை விழுங்கிவிடும். முதலில் 'மான்டரே பாப்'. 78 நிமிஷம்தான், சோறு ஆறுவதற்குள் முடிந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள், நமக்குத் தெரியாத 1969 அவர்களிடம் இருக்கும். ஹெண்ட்ரிக்ஸ் கிடாரைக் கொளுத்தும்போது அவர்கள் முகத்தைச் சுளித்து எழுந்து போகப் பார்த்தால், கையைப் பிடித்து உட்கார வைத்து, ரவிசங்கருக்கும் இது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.